குப்பனும் அனாமிகாவும்

திறனாய்வு என்றால் காவியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், கதையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதாச் சட்டம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. காவியம் நுழையாத வீடுகள் தமிழகத்தில் பல. கதை நுழையாத வீடுகளும் உண்டு. ஆனால் ஓர் ஏடு இருக்கிறது. எழுத்தறிந்தார் வீட்டிலும் நுழைகிறது, எழுத்தறியார் வீட்டிலும் நுழைகிறது. சேலத்துப் பேருந்து நிலையக் கடைகளில், பஞ்சாங்கத்துக்கும் சமையற் குறிப்புக்கும் நடுவே, கொழுகொழுவென்ற குழந்தையை அட்டையில் தாங்கித் தொங்குகிறதே, குழந்தைகளுக்குச் சூட்ட 'அரிய' பெயர்களைப் பொருளுடன் தருவதாகப் பறைசாற்றும் அந்த ஏட்டைத்தான் சொல்கிறேன். மகள் கருவுற்றாள் என்ற செய்தி வந்ததும் வாங்கப்படுவது அது. அது சொன்னபடி ஒரு மனித உயிர் எழுபது, எண்பது ஆண்டுகள் அழைக்கப்படுகிறது. இத்துணை ஆற்றல் படைத்த இலக்கியத்தை ஆராயாது விடுதல் முறையோ?

ஏட்டின் அமைப்பு எளிது. முதற் கட்டத்தில் நட்சத்திர எழுத்து, இரண்டாம் கட்டத்தில் பெயர், மூன்றாம் கட்டத்தில் பொருள். ஆளுக்கொரு பதிப்பகம் வெளியிட்டாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. ஆகவே ஒன்றை ஆராய்ந்தால் ஒன்பதை ஆராய்ந்ததாகும். 'அரிய பெயர்' என்று அச்சிட்டு ஊரெங்கும் விற்றால் அது அரிதாக இருப்பது எப்படி என்ற எளிய கேள்விகூட அதைத் தொகுத்தவர்க்கு எழவில்லை!

முதற் கட்டத்தைப் பாருங்கள். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்தாக நூற்றெட்டு எழுத்து. குழந்தை எந்தப் பாதத்தில் பிறந்ததோ அந்த எழுத்தில் பெயர் தொடங்கவேண்டுமாம். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சிற்சில எழுத்து மாறுவதுண்டு. ஆணை மட்டும் மாறுவதில்லை. மகத்தில் பிறந்த குழந்தைக்குக் கவலை இல்லை. மா, மி, மு, மே என்பன அதற்கு உரியவை. மாறன் என்றோ, முல்லை என்றோ, மேகலை என்றோ அழைத்து மகிழலாம். பரணியில் பிறந்த குழந்தை என்ன செய்யும்? லி, லு, லே, லோ! ஆயிலியத்துக் குழந்தை? டி, டு, டே, டோ! சுவாதிக்கு முதல் மூன்று பாதங்களும் ரு, ரே, ரோ. அத்தத்தின் நடுவே நிற்பவை ஷகரமும் ணகரமும்.

இனித் தொல்காப்பியத்தைத் திறவுங்கள். எழுத்ததிகாரத்து மொழிமரபு, எவ்வெழுத்துச் சொல்லுக்கு முதலாகும், எது ஆகாது என்று வரையறுத்து வைத்திருக்கிறது. டகரம் முதலாகாது. ணகரம் ஆகாது. ரகரமும் லகரமும் ஆகா. ஷகரமோ தமிழெழுத்தே அன்று. ஆக, பரணியிலும் ஆயிலியத்திலும் கண்விழித்த தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் பெயரே கிடையாது என்பதுதான் இவ்வேடு நமக்கு வழங்கும் தீர்ப்பு! எந்த மொழியின் நெடுங்கணக்கைக் கண்முன் வைத்து இப்பட்டியலைத் தீட்டினார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழம்புலவர் ஒருவர் குறுக்கிட்டு, "லகரத்துக்கு முன் இகரம் இட்டு இலீலா என்று எழுதலாமே தம்பி" என்று வழி கூறக்கூடும். கூறினால் புது வம்பு! அ, இ, உ, எ என்பன கார்த்திகையின் எழுத்துகள். ஓர் இகரத்தைச் சேர்த்த அக்கணமே பரணிக் குழந்தை அடுத்த நட்சத்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது! இலக்கணத்தைக் காத்தால் சோதிடம் போயிற்று. சோதிடத்தைக் காத்தால் இலக்கணம் போயிற்று. இரண்டில் எதைப் பெற்றோர் கைவிடுகின்றனர் என்பதை எந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் சொல்லும்.

நட்சத்திரத்தைப் போற்றிய மன்னர்களாவது இந்த எழுத்து விதியைப் போற்றினார்களா? தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பிய இராசராசன் பிறந்தது சதயத்தில்; அந்நாளைக் கல்வெட்டில் பொறித்து விழாவும் எடுத்தவன் அவன். அவனுக்கு வழங்கிய பெயரோ அருள்மொழி. சதயத்துக்கு இவ்வேடுகள் தரும் எழுத்துகளில் அகரம் இல்லை! அவன் மகன் இராசேந்திரன் திருவாதிரையில் பிறந்தான், மதுராந்தகன் எனப்பட்டான். மகரமும் திருவாதிரைக்கு உரியதன்று. எழுத்து மாறியதால் எந்தக் குடி முழுகிற்று? கங்கைவரை படை சென்றது. கடல் கடந்தும் சென்றது.

மூன்றாம் கட்டமாகிய பொருளுக்கு வருவோம். இங்கேதான் ஏட்டின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. 'ஒளி', 'அழகு', 'இறைவனின் கொடை': இம்மூன்றையும் எடுத்துவிட்டால் அக்கட்டத்தில் பாதி வெறுமையாகிவிடும். வடமொழி அகராதியைப் புரட்டினும் காணக் கிடைக்காத ஓசைக்கூட்டங்களுக்கும் தயங்காமல் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையிலேயே வடமொழியில் உள்ள சொற்களுக்கு நேர்ந்த கதி இன்னும் சுவையானது. அனாமிகா என்று மகளுக்குப் பெயர் சூட்டி, இனிப்பு வழங்கி, விருந்தும் வைக்கிறார்கள். அனாமிகா என்றால் என்ன? பெயரற்றவள்! மோதிர விரலுக்கும் வடமொழியில் அதுவே பெயர். பெயர்சூட்டு விழா நடத்திப் பெயரற்றவள் என்று பெயர் சூட்டிய விந்தையை வேறெங்கே காண்போம்? அபர்ணா என்பர், இலையையும் உண்ணாதவள் என்பது அதன் பொருள். நிஷா என்பர், அது இரவு. மகளை இரவே என்று அழைப்பதில் குற்றமில்லை, அழகிய கற்பனைதான். ஆனால் அதே வீட்டில் பாட்டியின் பெயர் கருப்பாயி என்று சொல்லக் கூசுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கிருஷ்ணன் என்றால் கருப்பன். சியாமளா என்றால் கருத்தவள். ஒரே நிறம், ஒரே பொருள். வடமொழியில் சொன்னால் தெய்வம்; தமிழில் சொன்னால் தெருவில் நிற்பவன்! அலுவலகத்தில் கிருஷ்ணனுக்கு நாற்காலி வருகிறது; கருப்பனுக்கு "ஏம்ப்பா, ஓரமா நில்லு" என்ற சொல் வருகிறது. குசேலன் என்பதன் பொருள் கந்தலாடை உடுத்தவன் என்பதே. அது பக்திக் கதையில் உருக்கம். அதே வறுமையைப் பிச்சை என்று தமிழ் நாவில் சொன்னால் நகைப்பு. பொருள் வேண்டும், பொருள் வேண்டும் என்று ஏட்டைப் புரட்டுகிறவர்கள் தேடுவது பொருளையா? பொருள் புரிந்துவிடக் கூடாதே என்ற அச்சமன்றோ அவர்களை ஆட்டுகிறது!

நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஊர் பனமரத்துப்பட்டி. பனை நின்றது, பட்டி எழுந்தது, பெயர் வந்தது. பொருள் கூற ஏடு வேண்டுவதில்லை. இவ்வட்டார முதியோர் பெயர்களும் அத்தகையவையே. திருச்செங்கோட்டு மலையைத் தாங்கியவர் செங்கோடன். கஞ்சமலைச் சித்தர் கோயிலைத் தாங்கியவர் சித்தன். நல்லாயி, பாப்பாயி, பெரியதாயி என்று பெண்கள் எல்லாரும் தாயாகவே பெயர் பெற்றனர். மாரிமுத்து என்பதில் உள்ள முத்து, கடலில் எடுத்த முத்தன்று. மேனியில் எழுந்த அம்மை முத்து. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் கூடும் கூட்டத்தின் பின்னே, ஊர் ஊராகப் பிள்ளைகளை வாரிச் சென்ற வைசூரியின் அச்சம் ஒரு காலத்தில் நின்றது. அந்நோய் 1975-க்குப் பின் இந்திய மண்ணில் எவரையும் தொடவில்லை. முத்து மட்டும் பெயர்களில் எஞ்சி நிற்கிறது, ஒரு பழைய போரின் வடுவைப் போல.

இந்தப் பெயர்களுக்குத் 'தோற்றம்' எழுத எந்த ஏட்டுக்கும் நெஞ்சம் வரவில்லை. குப்பன், குப்பாயி, குப்புசாமி ஆகியவற்றின் தோற்றம் எது? முன்பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோக, இப்பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று அதைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்தாள் தாய். குப்பையில் கிடந்ததை எமன் விரும்பான் என்பது அவள் எண்ணம். தவிட்டுக்கு விற்று மீட்டது போலப் பாவனை செய்து தவிடன், தவிட்டம்மாள் என்றாள். பிறரிடம் இரந்து பெற்றதாகச் சொல்லிப் பிச்சை என்றாள். இது மூடநம்பிக்கையே, ஐயமில்லை. ஆயினும் இகழ்ச்சியன்று. தன் குழந்தைக்காக இல்லாத எமனையும் ஏய்க்க முயன்ற ஏழைத் தாயின் சூழ்ச்சி அது.

அவள் மட்டுமா ஏய்த்தாள்? உரோமர் ஆட்சிக்குட்பட்ட எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழியாரிடையே கோப்ரியா, கோப்ரியசு என்ற பெயர்கள் வழங்கின. எருக்குப்பை என்பதே அவற்றின் வேர். நைல் ஆற்றங்கரையிலும் ஒரு குப்பன் வாழ்ந்தான்! ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள், பிறந்து பிறந்து இறக்கும் குழந்தைக்குக் கோக்குமோ என்று பெயரிடுவர். இனி இறவாது என்பது பொருள். குப்பை என்ற சொல்லே இழிவென்று முகஞ்சுளிப்போர்க்கு ஒரு செய்தி: குறுந்தொகைப் புலவர் வரிசையில் குப்பைக் கோழியார் என்பவர் வீற்றிருக்கிறார். இயற்பெயர் மறைந்துபோக, தம் பாட்டில் அவர் ஆண்ட உவமையே அவர் பெயராயிற்று. கால் கருகியவன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியே கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்பர்.

குப்பன் இன்று பிறப்பதில்லை. பெயர் நூல்கள் நாகரிகம் கற்பித்ததனாலா? இல்லை. தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை நூற்றுக்கும் மேல். 2020-இல் அது 13. தடுப்பூசியும், மகப்பேற்று மருத்துவமனையும், ஊர்ச் செவிலியரும் எமனை ஏய்க்கும் வேலையைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டனர்.

ஆனால் எல்லா இழிபெயரும் தாயன்பில் பிறந்தவை அல்ல. சட்டம் போட்டுச் சூட்டப்பட்ட இழிவும் உண்டு. மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் பெயர்சூட்டும் முறையை விதிக்கிறது. பார்ப்பனன் பெயரில் மங்களம் தோன்றவேண்டும், அரசன் பெயரில் வலிமை, வணிகன் பெயரில் செல்வம். நான்காம் வருணத்தான் பெயரில்? இழிவு தோன்றவேண்டும்! தொட்டிலிலேயே முத்திரை குத்தும் ஏற்பாடு. ஊர்த்தெருவில் சாமி என்ற பின்னொட்டு மதிப்பாக ஒலித்தது. சேரியில் அதே பெயர் வெட்டப்பட்டுக் குப்பா, முனியா என்று சுருங்கிற்று. மறுபுறம், உயர்ந்தோம் என்றவர்கள் பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் நீண்டது. அந்த வாலை அறுக்க 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு அறைகூவல் விடுத்தது. வடபுலத்தில் ஒருவர் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலோ முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே நிற்கின்றன. சாதி ஒழிந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். வகுப்பில் வருகை எடுக்கும் ஆசிரியன் வாயிலாக அது நாள்தோறும் ஒலிக்கவில்லை. அந்த அளவு உண்மை.

அதே மனுநூல் பெண்கள் பெயருக்கும் விதி வகுக்கிறது: உச்சரிக்க எளிதாக, இனிதாக, மங்களமாக, ஈற்றில் நெட்டுயிர் வரும்படி அமையவேண்டும் என்று. பெயர் ஏட்டில் பெண்கள் பகுதியைத் திறந்து ஈற்றெழுத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். கா, ஷா, தா, னா, ஸ்ரீ! விதித்தவன் மறைந்தான்; விதி அச்சாகிறது. கயல்விழி, பூங்குழல் என்பன அவ்விதிக்கு அடங்கா. அதனால்தானோ என்னவோ, அவை 'பழைய பெயர்கள்' என்று ஒதுக்கப்படுகின்றன.

பெண் என்று வந்துவிட்டால் ஏடுகள் மறைக்கும் இன்னொரு பெயர் வரிசையைச் சொல்லாமல் தீராது. போதும்பொண்ணு. வேண்டாம். மங்களம் என்பதும், சம்பூரணம் என்பதும் கேட்க இனியவை. இத்துடன் பெண் பிறப்பது முடியட்டும் என்ற வேண்டுதலாக அவையும் பல வீடுகளில் சூட்டப்பட்டன. திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில், மகளுக்கு வேண்டாம் என்று பெயரிட்டால் அடுத்தது மகனாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை நிலவியதை 2019-இல் நாளேடுகள் எழுதின. குப்பன் பெயரும் இப்பெயரும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். முன்னது குழந்தை இருக்கவேண்டும் என்பதற்காக வைத்த பெயர். பின்னது குழந்தை ஏன் வந்தது என்று கேட்கும் பெயர். தாய்மார் தனிப்பட்ட கொடுமையால் இப்படிப் பெயரிட்டதாக நான் நினைக்கவில்லை. மாமியார் முகமும் ஊர்ப்பேச்சும் அவர்கள் வாயால் பேசின. ஆயினும் கேட்டுக்கொண்டே வளர்வது அந்தப் பெண்.

சேலத்து மண்ணில் இருந்துகொண்டு இதை எழுதக் கூசுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000-க்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. 2011-இல் அது 900-ஐக் கடந்தது. தொட்டிலுக்கே வராமற்போன பெண்களுக்குப் பெயரும் இல்லை. உண்மையான அனாமிகாக்கள் அவர்கள். எஞ்சி வளர்ந்தோரில் சிலருக்குப் போதும் என்று பெயர்.

மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்திலும் இதே கதை. அங்கே அப்பெயர் நகுஷா. வேண்டாதவள் என்பது பொருள். 2011 அக்டோபரில் மாவட்ட நிருவாகம் ஒரு விழாவே எடுத்து, 280-க்கும் மேற்பட்ட நகுஷாக்களுக்குப் புதுப்பெயர் வழங்கிற்று. சிலர் திரைப்பட நடிகையர் பெயரைத் தேர்ந்துகொண்டனர். அதைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. நகைப்பதற்கு என்ன இருக்கிறது? பிறர் சூட்டிய இழிவை எறிந்துவிட்டுத் தானே விரும்பி எடுத்த பெயர், ஐஸ்வரியா ஆனால் என்ன, அல்லி ஆனால் என்ன!

தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் துணிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞரானார். சுவாமி வேதாசலம், தனித்தமிழ் இயக்கம் தோன்றிய 1916-ஐ ஒட்டி மறைமலையடிகள் ஆனார். பின்வந்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனபோது வடமொழியிலிருந்து வடமொழிக்கே சென்றார் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. பெயர் வடசொல்லாக இருந்ததால் அவர் தமிழ் குன்றிவிடவுமில்லை. தமிழ்ப்பெயர் சூட்டியதாலேயே எல்லாம் ஆயிற்று என்று முழங்கும் நண்பர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்வது நலம்.

அந்நண்பர்களிடம் எனக்கு வேறு வழக்கும் உண்டு. பெரியார் 1932-இல் உருசியப் பயணம் முடித்துத் திரும்பியபின், உருசியா என்றும் மாசுகோ என்றும் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டினார். 1953 மார்ச்சில் பிறந்த மகனுக்கு, அதே வாரம் மறைந்த சோவியத் தலைவரின் பெயரைக் கருணாநிதி வைத்தார். சோதிடத்தை மீறிய பெயர்கள் என்ற அளவில் அவற்றை வரவேற்கிறேன். என்றாலும், தந்தை கேட்ட சொற்பொழிவை மகன் ஆயுள் முழுதும் சுமக்கவேண்டுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. நம் கொள்கைக் குடும்பங்களில் மகனுக்கு வெற்றி, அறிவு, வீரம். மகளுக்கு மலர், கொடி, கற்புக்கரசி! மொழி மாறிற்று, மனு மாறவில்லை. கற்புக்கரசன் என்று ஒரு பையனை எந்த ஊரிலாவது கண்டீர்களா?

ஆகவே, பெயர் தமிழா, வடமொழியா என்று கேட்பதோடு திறனாய்வு முடியவில்லை. இப்பெயர் இக்குழந்தையைப் பற்றி என்ன சொல்கிறது, யாருடைய மன அமைதிக்காகச் சூட்டப்பட்டது என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பெயர் ஏட்டில் நான்காம் கட்டம் இல்லை.

அவசரமும் வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையைப் பெயரின்றியே பதியலாம். பிறகு ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். ஏட்டைப் புரட்டி இரவோடிரவாக முடிவுகட்ட எவரும் நம்மை விரட்டவில்லை. சூட்டிய பெயரை மாற்றவோ அரசிதழ் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பள்ளிச் சான்றுகளிலும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஏறிவிட்ட பெயரை மாற்றுவதுதான் அலைச்சல் மிகுந்த வேலை. ஆகவே பதிவேட்டில் போதும்பொண்ணு என்றோ வேண்டாம் என்றோ ஒரு பெயரைக் காணும் ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பிலேயே அப்பெண்ணைத் தனியே அழைத்து, மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்கலாம். வகுப்பில் உரக்கக் கேட்கலாகாது. பெற்றோர் ஒப்பம் வேண்டுமாதலால் அவர்களிடம் பேசுவதும் நம் வேலையே. தேர்வு நெருங்கும் மாசி, பங்குனிக்கு அதைத் தள்ளிவிடாமல், பள்ளி திறந்து ஆடி முடிவதற்குள் தொடங்கிவிட்டால் காலம் போதும்.